1939 ஜனவரி 15: ஜயன்ட்ஸ் 13, நட்சத்திர அணி 10. உண்மையான போட்டியா, வெறும் வேடிக்கையா?

15 ஜனவரி 2024, வாசகர் ஒருவரின் கேள்வி

அமெரிக்கக் கால்பந்தின் முதல் தொழில்முறை நட்சத்திர ஆட்டம் 1939ஆம் ஆண்டில் இதே நாளில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் நடந்தது என்று படித்தேன். ஒரு பக்கம் அந்தப் பருவத்தின் சாம்பியனான நியூயார்க் ஜயன்ட்ஸ். மறுபக்கம் மற்ற அணிகளிலிருந்து பொறுக்கி எடுத்த வீரர்கள். ஜயன்ட்ஸ் 13-10 என்று வென்றுவிட்டது. சிறந்த ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் ஒன்று சேர்ந்து ஓர் அணியிடம் தோற்றார்கள் என்றால், அவர்கள் மனம் வைத்து ஆடவில்லை என்றுதானே பொருள்? அன்று தொடங்கிய வேடிக்கைதான் இன்றுவரை தொடர்கிறது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

15 ஜனவரி, இரவு

காரணத்தோடே மறுக்கிறேன்.

இன்றைய புரோ பவுலை, அதாவது என்எஃப்எல் என்ற தேசியக் கால்பந்து லீக்கின் நட்சத்திர ஆட்டத்தை, பார்த்துவிட்டு அன்றைய ஆட்டத்தை எடைபோடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நான் அமெரிக்காவில் வேலை பார்த்த ஆண்டுகளில் புரோ பவுலைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். ஒருவரும் ஒருவரையும் இடித்துத் தள்ளுவதில்லை. முன்வரிசையில் இருப்பவர்கள் கைகுலுக்குவதுபோல ஒருவரையொருவர் தொட்டுவிட்டு நின்றுவிடுவார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. 2023ஆம் ஆண்டு முதல் லீக்கே அந்தப் பாசாங்கைக் கைவிட்டு, இடுப்பில் கட்டிய கொடியைப் பறிக்கும் ஆட்டத்தையும் திறன் போட்டிகளையும் நடத்தத் தொடங்கிவிட்டது.

ஆனால் 1939இல் நடந்தது வேறு வகை ஏற்பாடு. இரண்டு நட்சத்திரக் குழுக்கள் மோதவில்லை. ஒரு முழு அணி, தன் பயிற்சியாளரோடும் தன் ஆட்ட முறையோடும் தன் பட்டத்தோடும் களத்துக்கு வந்தது. அந்த அணிக்கு இழப்பதற்கு ஒன்று இருந்தது. 1938 டிசம்பர் 11 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் அரங்கில் 48,120 பேர் முன்னிலையில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியை 23-17 என்று வென்று பட்டம் பெற்றவர்கள், ஐந்தே வாரங்களில் நாட்டின் மறுகோடிக்குப் போய், மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்த அணியிடம் அடி வாங்கிக்கொண்டு திரும்ப விரும்பியிருப்பார்களா? எதிரே நின்றவர்களில் பலர் அந்தப் பருவத்தில் இவர்களிடம் தோற்றவர்கள். அவர்களுக்கும் கணக்குத் தீர்க்க ஒரு வாய்ப்பு.

16 ஜனவரி

நேற்று ‘ஆட்ட முறை’ என்று ஒரு வார்த்தையில் கடந்துவிட்டேன். தோல்விக்கான விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

இன்று எந்த அணியிலிருந்து வந்த குவாட்டர்பேக்கும் (தாக்குதலை வழிநடத்துபவர்) இன்னோர் அணியின் சென்டருக்குப் (முன்வரிசையின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் அனுப்புபவர்) பின்னால் போய் நின்று பந்தை வாங்க முடியும். அடிப்படை அமைப்பு எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்று. 1938இல் அப்படி இல்லை. பத்து அணிகள் கொண்ட லீக்கில் பல அமைப்புகள் உலவின. வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ் அணியின் சாமி பா, சென்டரிடமிருந்து சில கஜம் தள்ளிப் பின்னால் நின்று பந்தை நேரடியாகப் பெற்று வீசும் டெயில்பேக். கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பயிற்சியாளர் கர்லி லாம்போ, தாம் படித்த நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் பெட்டி அமைப்பைப் பின்பற்றியவர். அதில் பந்து நகர்வதற்கு முன் பின்வரிசை முழுவதும் இடம் மாறும். சிகாகோ பேர்ஸ் அணியின் ஜார்ஜ் ஹாலாஸ் டி அமைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்; அங்கே குவாட்டர்பேக் சென்டரை ஒட்டி நின்று பந்தைக் கையிலேயே வாங்குவார். ஜயன்ட்ஸ் அணியின் ஸ்டீவ் ஓவன் வகுத்ததோ ஏ அமைப்பு. முன்வரிசையின் பலம் ஒரு பக்கமும் பின்வரிசையின் பலம் எதிர்ப்பக்கமும் இருக்கும்படி ஆட்களை நிறுத்துவது. சென்டர் பந்தைப் பின்வரிசையில் வெவ்வேறு ஆட்களுக்கு அனுப்ப வேண்டிய அந்த முறை, மெல் ஹெய்ன் போன்ற ஒருவர் அந்த இடத்தில் இருந்ததால்தான் இயங்கியது. 1938ஆம் ஆண்டுக்கான லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை ஒரு சென்டர் பெற்றார் என்றால் அவருடைய வேலை எத்தகையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பல பள்ளிகளிலிருந்து வந்தவர்களை ஒன்றாக நிறுத்தி, சில நாள் பயிற்சிக்குள் ஒரே மொழி பேச வைக்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் அணியில் ஆயிரம் முறை செய்து பழகிய அடியை விட்டுவிட்டு, வேறொருவர் அடிக்கு ஏற்பத் தம் காலை வைக்க வேண்டும். யாரும் மனம் வைக்காமல் ஆட வேண்டிய தேவையே இல்லை. மனம் வைத்தாலும் கால் இடறும்.

ஒரு சொந்த அனுபவம். அலுவலக நண்பர்களோடு பூங்காவில் விளையாடும்போது, பழைய முறைப்படி கால்களுக்கு இடையே குனிந்து பார்த்து, பின்னால் தள்ளி நிற்பவர் மார்புக்குப் பந்தை அனுப்பும் சென்டராக நிற்க எனக்கு ஆசை வந்தது. முதல் பந்து நண்பரின் தலைக்கு மேலே போய்ப் புல்லில் உருண்டது. அடுத்தது அவர் முழங்காலில் பட்டது. எதிரே யாரும் என்னை இடித்துத் தள்ளக் காத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல் ஹெய்ன் 15 பருவங்கள் அந்த வேலையைச் செய்தார். அதற்குப் பிறகு, புள்ளிவிவரப் பட்டியலில் பெயரே வராத முன்வரிசை ஆட்களை நான் அலட்சியமாகப் பேசுவதில்லை.

16 ஜனவரி, சற்று நேரம் கழித்து

இன்னொன்று விட்டுப்போயிற்று. அந்தக் காலத்தில் தாக்குதலுக்கு ஓர் அணி, தடுப்புக்கு ஓர் அணி என்று தனித்தனியே கிடையாது. பா பாஸ் வீசுவார், தடுப்பில் எதிரணியின் பாஸைப் பறிப்பார், பந்தை உதைக்கவும் செய்வார். வெளியே போன ஆட்டக்காரர் அந்தக் காற்பகுதி முடியும்வரை திரும்ப உள்ளே வர முடியாது. ஆகவே ‘சிறந்த பாஸ்காரர், சிறந்த தடுப்பாளர்’ என்று தனித்தனியாகப் பொறுக்கி அடுக்கும் இன்றைய வசதி அன்றைய நட்சத்திர அணிக்கு இல்லை. வந்தவர் எல்லாரும் எல்லா வேலையும் செய்தாக வேண்டும், அதையும் பழக்கமில்லாத பக்கத்து ஆளோடு சேர்ந்து.

18 ஜனவரி

‘இது நம் இரானி கோப்பை மாதிரி இருக்கிறதே’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆம், ரஞ்சி சாம்பியனும் இந்தியாவின் மீதி ஆட்டக்காரர்களும் மோதும் அதே வடிவம்தான். ஒரு வேறுபாடு மட்டும் சொல்கிறேன். கிரிக்கெட்டில் பந்து வீசுபவரும் மட்டை பிடிப்பவரும் பெரும்பாலும் தனித்தனியே மோதிக்கொள்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் நேற்று அறிமுகமானவராக இருந்தாலும் சதம் அடிக்கலாம். இங்கே முன்வரிசையில் ஒருவர் அரை நொடி தாமதித்தால் பா வீசுவதற்குமுன் மண்ணில் கிடப்பார்.

20 ஜனவரி

என் வாதத்துக்கு நானே ஒரு தடை போட வேண்டியிருக்கிறது. இதை யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை.

சேர்ந்து பழகிய அணி, சேர்த்துக் கட்டிய அணியை வெல்லும் என்பது பொது விதி என்றால், சிகாகோவில் நடந்ததை எப்படி விளக்குவது? சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழின் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்ட் 1933இல் பேஸ்பாலுக்கு ஒரு நட்சத்திர ஆட்டத்தை உருவாக்கினார். அது வெற்றி பெற்றதும் 1934இல் கால்பந்துக்கும் ஒன்றைத் தொடங்கினார்: அந்த ஆண்டு கல்லூரி முடித்த சிறந்த வீரர்களும் தொழில்முறை சாம்பியனும் ஆகஸ்ட் மாத இறுதியில் சோல்ஜர் ஃபீல்டு அரங்கில் மோதுவது. முதல் ஆட்டத்தைப் பார்க்க 79,432 பேர் வந்தார்கள். வந்தவர்கள் பார்த்தது 0-0. பணம் கொடுத்து வந்தவர்கள் என்ன சொல்லிக்கொண்டு வீடு திரும்பினார்களோ!

முடிவுகளைப் பாருங்கள். 1935இல் பேர்ஸ் 5-0 என்று வென்றது. 1936இல் டெட்ராய்ட் லயன்ஸ் 7-7 என்று சமன். 1937இல் கல்லூரி அணி பேக்கர்ஸை 6-0 என்று வென்றது. அந்த ஆட்டத்தின் ஒரே டச் டவுன் (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது), அப்போது தொழில்முறையில் ஓர் ஆட்டமும் ஆடியிராத பா வீசிய பாஸில் வந்தது. 1938இல் அதே பா மறுபக்கம் நின்றார். கல்லூரி அணி வாஷிங்டனை 28-16 என்று வென்றது. முதல் ஐந்து ஆண்டுகளில் தொழில்முறை அணி வென்றது ஒரே ஒரு முறை.

இரண்டு நாளாக இதை யோசித்தேன். என் வாதம் இதனால் விழவில்லை, ஆனால் இடம் மாறுகிறது. கல்லூரி நட்சத்திரங்கள் ஆகஸ்டில் வாரக்கணக்கில் ஒன்றாகத் தங்கிப் பயிற்சி பெற்றார்கள். சாம்பியனோ விடுமுறை முடிந்து அப்போதுதான் உடம்பை வளைக்கத் தொடங்கியிருக்கும். ஆக, சிகாகோவில் சேர்த்துக் கட்டிய அணிதான் உண்மையில் சேர்ந்து பழகிய அணி. லாஸ் ஏஞ்சலிசில் நேர்மாறு: பருவம் முழுவதும் ஒன்றாக ஆடி டிசம்பரில் பட்டம் வென்ற கையோடு வந்தது சாம்பியன். நட்சத்திரத் திறமையா, அணிப் பழக்கமா என்பதைவிட, எந்தப் பக்கத்துக்குத் தயாராக நேரம் கிடைத்தது என்பதே முடிவைத் தீர்மானித்தது. 1939 ஆகஸ்டில் இதே ஜயன்ட்ஸ் கல்லூரி அணியை 9-0 என்று வென்று இந்த விளக்கத்தைச் சற்றுக் கெடுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீவ் ஓவனின் தடுப்பாட்டத்துக்கு மாதக் கணக்கு தெரியாது போலும்.

21 ஜனவரி

முதல் ஆட்டத்தின் ஆண்டு 1938ஆ, 1939ஆ என்று இருவர் சண்டை போடுகிறார்கள். இருவரும் சரி. லீக் தன் பதிவுகளில் பருவத்தின் ஆண்டைச் சொல்கிறது. நாட்காட்டி வேறு சொல்கிறது. 1939 ஜனவரி 15 அன்று நடந்ததுதான் ‘1938 நட்சத்திர ஆட்டம்’. அடுத்தது, பேக்கர்ஸ் 16-7 என்று வென்றது, மழையால் ஒரு வாரம் தள்ளிப்போய் 1940 ஜனவரி 14 அன்று நடந்தது. மூன்றாவது அதே 1940இன் டிசம்பர் 29 அன்று. பேர்ஸ் 28, நட்சத்திரங்கள் 14. நான்காவது 1942 ஜனவரி 4. மீண்டும் பேர்ஸ், 35-24. ஐந்தாவது 1942 டிசம்பர் 27; நட்சத்திர அணி 17, வாஷிங்டன் 14. ஆக, 1940ஆம் நாட்காட்டி ஆண்டில் இரண்டு, 1942இல் இரண்டு, 1941இல் ஒன்றுமில்லை. பருவக் கணக்கில் ஆண்டுக்கு ஒன்று.

24 ஜனவரி

‘லாஸ் ஏஞ்சலிசில் அணியே இல்லாதபோது ஏன் அங்கே?’ என்ற கேள்வி நல்ல கேள்வி.

வாஷிங்டன் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல் இந்த ஆட்டத்துக்கு யோசனை சொன்னவர். விளம்பரத்தில் கைதேர்ந்தவர், அவருடைய மனைவி கொரீன் கிரிஃபித் மௌனப்பட நாயகி. ஜனவரியில் சிகாகோவிலும் கிரீன் பேயிலும் தரை கல்லாகக் கிடக்கும்போது கலிஃபோர்னியாவில் சட்டையோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கலாம். மேற்குக் கரையில் லீக்குக்கு ஓர் அணிகூட இல்லை. கல்லூரிக் கால்பந்தும், பாசடீனாவில் நடக்கும் புத்தாண்டுக் கல்லூரி ஆட்டமான ரோஸ் பவுலும் அங்கே கொடிகட்டிப் பறந்தன. ஆகவே இது நட்சத்திர ஆட்டம் என்பதோடு, கடைவிரித்துப் பார்க்கும் ஆட்டமும்தான். உள்ளூர்க்காரர்களை இழுப்பதற்காக, லீக்கில் இல்லாத லாஸ் ஏஞ்சலிஸ் புல்டாக்ஸ், ஹாலிவுட் ஸ்டார்ஸ் என்ற இரண்டு சுயேச்சை அணிகளின் வீரர்களையும் நட்சத்திர அணியில் சேர்த்துக்கொண்டார்கள். இதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். புல்டாக்ஸ் 1937இல் என்எஃப்எல்லுக்குப் போட்டியாக இருந்த லீக் ஒன்றில் ஓர் ஆட்டமும் தோற்காமல் பட்டம் வென்ற அணி.

கடையில் கூட்டம் எப்படி? ஆட்டம் நடந்தது ரிக்லி ஃபீல்டில்; சிகாகோவில் இருப்பது அல்ல, தெற்கு லாஸ் ஏஞ்சலிசில் 1925இல் கட்டிய பேஸ்பால் அரங்கு. அந்தப் பெயரைச் சிகாகோ அரங்குக்கு முன்பே பெற்றது இதுதான் என்பது பலருக்குத் தெரியாது. அங்கே வந்தவர்கள் சுமார் 15,000 பேர், அரங்கு நிறையவில்லை. அடுத்த இரண்டும் கில்மோர் அரங்கில்: சுமார் 18,000, பிறகு 21,624. நியூயார்க்கில் 17,725, ஃபிலடெல்ஃபியாவில் 18,671. ஐந்தையும் கூட்டினால் 91,000 வருகிறது. ஆர்ச் வார்டின் முதல் ஆட்டம் ஒன்றே அதில் பெரும்பகுதியைத் தொட்டுவிட்டது.

இதில் எனக்கு ஒரு புதிர் இருந்தது. 1926 ஜனவரி 16 அன்று, கல்லூரிக் கால்பந்தில் பெயர் பெற்ற ரெட் கிரேஞ்ச் பேர்ஸ் அணியோடு ஊர் ஊராகச் சுற்றியபோது, இதே லாஸ் ஏஞ்சலிசின் கொலீசியம் அரங்கில் 65,000க்கும் மேற்பட்டோர் தொழில்முறைக் கால்பந்தைப் பார்க்கத் திரண்டார்கள். 13 ஆண்டுகள் கழித்து, லீக்கின் பெரும்பாலான நட்சத்திரங்களை மொத்தமாக வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தபோது அதில் கால்பங்குகூட வரவில்லை. ஒரு பெயருக்காக வரும் கூட்டம் முப்பது பெயருக்காக முப்பது மடங்கு வராது என்பதுதான் நான் கண்ட விடை. கிரேஞ்சை நாடு முழுக்கச் செய்தித்தாள்கள் வாரந்தோறும் வளர்த்திருந்தன. சாமி பாவைத் தவிர 1939இல் வந்தவர்களில் எத்தனை பேரின் முகம் கலிஃபோர்னியாவுக்குத் தெரியும்? தொலைக்காட்சியில் லீக்கின் ஆட்டம் முதன்முதலில் ஒளிபரப்பானதே அந்த ஆண்டின் அக்டோபரில்தான், அதுவும் நியூயார்க்கில் ஒரு சில பெட்டிகளுக்கு.

இரண்டு இடங்களையும் போய்ப் பார்த்திருக்கிறேன். ரிக்லி ஃபீல்டு 1969இல் இடிக்கப்பட்டது. இப்போது பூங்காவும் சமூக மையமும் இருக்கின்றன. கில்மோர் அரங்கு இருந்த இடத்தில் சிபிஎஸ் நிறுவனத்தின் தொலைக்காட்சி வளாகம் எழுந்தது. பக்கத்திலுள்ள உழவர் சந்தையில் சாப்பிடப் போகும் நண்பர்களிடம் இங்கேதான் டான் ஹட்சன் 92 கஜ பாஸைப் பிடித்து டச் டவுன் போட்டார் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவர் ‘எந்தக் கடை?’ என்று கேட்டார்.

26 ஜனவரி

ஹட்சன் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், அது இரண்டாவது ஆட்டம், வீசியவர் செசில் இஸ்பெல். இருவரும் பேக்கர்ஸ். அதாவது எல்லாரும் பேசும் அந்த நீளமான பாஸ்கூட நட்சத்திர அணியிலிருந்து வரவில்லை; பருவம் முழுக்கச் சேர்ந்து பழகிய இரண்டு பேரிடமிருந்து வந்தது. என் 16ஆம் தேதிக் குறிப்பை இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கவும்.

27 ஜனவரி

அமைப்புகளைப் பற்றி எழுதியபோது மூன்றாவது ஆட்டத்தைச் சேர்க்காமல் விட்டது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. 1940 டிசம்பர் 8 அன்று பேர்ஸ் டி அமைப்பைக் கொண்டு வாஷிங்டனை 73-0 என்று நொறுக்கியது. லீக்கின் வரலாற்றில் அதற்கு இணையான தோல்வி இன்றுவரை இல்லை. மூன்று வாரம் கழித்து அதே அணி, அதே குவாட்டர்பேக் சிட் லக்மன் வழிநடத்த, கில்மோர் அரங்கில் நட்சத்திரங்களை 28-14 என்று வென்றது. இதற்கு மூன்றே நாள் கழித்து, 1941 ஜனவரி 1 அன்று, சில மைல் தொலைவில் பாசடீனாவில், ஸ்டான்ஃபோர்டு அணி அதே டி அமைப்பைக் கொண்டு நெப்ராஸ்காவை 21-13 என்று வென்றது. ஸ்டான்ஃபோர்டின் பயிற்சியாளர் கிளார்க் ஷானெஸி, ஹாலாசுக்கு அந்த அமைப்பைக் கூர்தீட்டிக் கொடுத்தவர். ஒரே வாரத்தில் ஒரே பகுதியில் இரண்டு அரங்குகளிலும் இனி எல்லாரும் எப்படி ஆடப்போகிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. பல அமைப்புகள் கலந்து குழம்பும் நட்சத்திர அணி என்ற நோயே சில ஆண்டுகளில் மறையத் தொடங்கியது. ஏறக்குறைய எல்லாரும் டி அமைப்புக்குப் போய்விட்டார்கள், சாமி பாவும் 1944இல் அதற்கு மாறினார்.

ஆகவே 13-10 என்ற முடிவை அந்தக் குறுகிய காலத்துக்குள் வைத்துத்தான் படிக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து இதே வடிவில் ஆடியிருந்தால் சாம்பியன்கள் இத்தனை முறை வென்றிருப்பார்கள் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

28 ஜனவரி

‘சிறந்த ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும்’ என்று கேள்வியில் இருக்கும் தொடரை யாரும் தொடவில்லை. தொட்டாக வேண்டும்.

1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. உரிமையாளர்களிடையே இருந்த உடன்பாடு, அவ்வளவுதான். அதில் மிகப் பிடிவாதமானவர் இந்த ஆட்டத்துக்கு யோசனை சொன்ன மார்ஷல்தான். அவருடைய அணி 1962இல்தான் முதல் கறுப்பின வீரர்களைக் களத்தில் இறக்கியது. ஐந்து நட்சத்திர ஆட்டங்களும் அந்தத் தடைக் காலத்துக்குள் அடங்குகின்றன.

லாஸ் ஏஞ்சலிஸ் என்பதால் இது இன்னும் உறுத்துகிறது. 1939ஆம் ஆண்டுப் பருவத்தில் கல்லூரிக் கால்பந்தில் நாட்டிலேயே பந்தை அதிக கஜம் முன்னேற்றியவர் அந்த ஊர்ப் பையன், யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர் கென்னி வாஷிங்டன். 1940 ஆகஸ்டில் சிகாகோ ஆட்டத்தில் கல்லூரி அணிக்காகப் பேக்கர்ஸுக்கு எதிராக ஆடினார். தொழில்முறை சாம்பியனுக்கு எதிரே அவர் நிற்கலாம். சாம்பியன் ஆடும் லீக்கில் அவர் சேர முடியாது. அந்த ஆண்டின் டிசம்பரில் கில்மோர் அரங்கில் நட்சத்திரங்கள் ஆடியபோது அவர் அதே ஊரில் பசிபிக் கரை லீக்கின் ஹாலிவுட் பேர்ஸ் அணியில் இருந்தார். லாஸ் ஏஞ்சலிசுக்குக் குடிபெயர்ந்த ராம்ஸ் அணி, பொதுப் பணத்தில் கட்டிய கொலீசியத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் கறுப்பின வீரர்களுக்கும் இடம் தர வேண்டும் என்ற நெருக்கடி வந்த பிறகுதான், 1946இல் அவர் லீக்குக்குள் வந்தார். அதற்குள் முழங்கால்கள் தேய்ந்திருந்தன.

புல்டாக்ஸ் வீரர்களை வெளியிலிருந்து சேர்க்க முடிந்தவர்களுக்கு இவரைச் சேர்க்க வழி தெரியாமல் போகவில்லை.

28 ஜனவரி, மாலை

‘அரசியலைக் கலக்காதீர்கள்’ என்று ஒரு பதில். யார் ஆடினார்கள் என்பதைப் பற்றிய இழையில் யார் ஆட விடப்படவில்லை என்பது விஷயத்துக்கு உள்ளேதான் வருகிறது. விரும்பினால் இன்னொன்றையும் தேடிப் பாருங்கள்: 1965 ஜனவரியில் போட்டி லீக்கான ஏஎஃப்எல்லின் நட்சத்திர ஆட்டம் நியூ ஆர்லியன்சில் நடக்கவிருந்தது. அங்கே வாடகைக் காரும் உணவகமும் மறுக்கப்பட்டதால் கறுப்பின வீரர்கள் 21 பேர் ஆட மறுத்தார்கள். ஆட்டம் ஹூஸ்டனுக்கு மாறியது.

1 பிப்ரவரி

நான்காவது ஆட்டம் ஏன் நியூயார்க்குக்குப் போயிற்று என்று கேட்டவருக்கு: 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் மீது ஜப்பானின் தாக்குதல். மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூட்டுவதே ஆபத்து என்று ஆகிவிட்டது. 1942 ஜனவரி 1 ரோஸ் பவுல்கூட வட கரோலைனாவின் டர்ஹம் நகரத்துக்கு மாற்றப்பட்டது. போர்ச் செய்தியில் ஊரே மூழ்கியிருந்த அந்த வாரங்களில் பேர்ஸ் தன் சொந்த ஊரில் பட்டம் வென்ற இறுதி ஆட்டத்துக்கே 13,341 பேர்தான் வந்தார்கள் என்பதோடு ஒப்பிட்டால், போலோ கிரவுண்ட்ஸில் 17,725 நல்ல கூட்டம்.

1942 டிசம்பரில் நட்சத்திரங்கள் ஒருவழியாக வென்றார்கள். அதோடு ஆட்டம் நின்றுவிட்டது. சாம்பியன் தோற்றதால் நிறுத்திவிட்டார்கள் என்று கதை கட்ட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் காரணம் போர்க்காலப் பயணக் கட்டுப்பாடுகளும் ஆள் பற்றாக்குறையும். 1943இல் ஆள் இல்லாமல் ஃபிலடெல்ஃபியாவும் பிட்ஸ்பர்கும் ஒரே அணியாகச் சேர்ந்து ஆட வேண்டிய நிலை. அணிக்கே ஆள் இல்லாதபோது நட்சத்திர அணிக்கு எங்கே போவது?

4 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: ‘எல்லாம் சரி, ஆனால் 1951க்கு முன் நடந்ததைப் புரோ பவுல் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லையே?’

லீக்கின் சொந்தக் காலவரிசையிலேயே 1939 ஆட்டத்தை முதல் புரோ பவுல் என்று குறித்திருக்கிறார்கள். 1951 ஜனவரி 14 அன்று கொலீசியத்தில் தொடங்கியது புதிய வடிவம்: சாம்பியன் இல்லை, இரண்டு பிரிவுகளின் தேர்வு அணிகள். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் ஆட்டோ கிரஹாம் வழிநடத்திய அமெரிக்கப் பிரிவு 28-27 என்று வென்றது. 53,676 பேர் பார்த்தார்கள். பிரவுன்ஸ் அணியின் கறுப்பின வீரர்களான மேரியன் மோட்லியும் பில் வில்லிஸும் அந்தத் தேர்வு அணியில் இருந்தார்கள். லாஸ் ஏஞ்சலிசில் அதற்குள் ராம்ஸ் வேரூன்றியிருந்தது. கூட்டம் வந்ததற்கு அதுவும் காரணம். ஆட்டக்காரர்களின் பதிவுகளில் பழைய ஐந்தும் புதியவையும் ஒரே எண்ணிக்கையில்தான் சேர்க்கப்படுகின்றன.

அங்கேதான் எனக்கு மனக்குறை. பழைய ஐந்தில் சாம்பியன் அணி முழுவதுமே ஆட வந்தது என்பதால், அந்த அணியின் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் தேர்வு என்று ஒரு புள்ளி விழுகிறது. 1943 முதல் 1949 வரையிலான பருவங்களில் ஆட்டமே இல்லை. ஸ்டீவ் வான் பியூரன் அந்த இடைவெளியில்தான் ஃபிலடெல்ஃபியா அணிக்காகப் பந்தோடு ஓடினார். நான்கு பருவங்களில் லீக்கிலேயே அதிக கஜம், அவற்றில் இரண்டில் 1,000ஐத் தாண்டியவர், 1948, 1949 என்று அடுத்தடுத்து இரண்டு பட்டங்கள். அவருடைய பெயருக்கு எதிரே புரோ பவுல் எண்ணிக்கை பூஜ்யம். 1938 ஜயன்ட்ஸின் மாற்று ஆட்டக்காரருக்கு ஒன்று.

5 பிப்ரவரி

‘அப்படியானால் அந்த ஐந்தையும் நீக்கிவிடலாமா?’ என்று கேட்கிறார்கள். வேண்டாம். நட்சத்திர அணியில் தேர்வானவர்களுக்கு அது உண்மையான தேர்வு. பாவும் ஹட்சனும் ஹெய்னும் பெற்றவற்றில் சிலவற்றையாவது அப்படித்தான் பெற்றார்கள். சாம்பியன் அணிக்காக வந்தவர்களுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, ‘அணியோடு வந்தவர்’ என்று எழுதினால் போதும். ஹட்சனுக்கும் 1939ஆம் ஆண்டுப் பருவக் கணக்கில் அந்தக் குறி விழும். 92 கஜ பாஸைப் பிடித்தவர் அதைப் பொறுத்துக்கொள்வார்.